விளம்பரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பாலின அச்சுகளைக் கண்டுபிடிக்க மாணவர்களைப் பழக்குவது எப்படி

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ ஒரு விளம்பரத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, "இதில் பெண்ணைச் சரியாகக் காட்டியிருக்கிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லை மிஸ், ஆணும் பெண்ணும் சமம்" என்று பத்துக் குரல் ஒன்றாக வரும். கேள்வியிலேயே விடை ஒளிந்திருக்கிறது, பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். ஆசிரியருக்கும் திருப்தி. ஆனால் அன்று ராத்திரி அதே விளம்பரம் டிவியில் ஓடும்போது அவர்கள் கண்ணில் எதுவும் படாது.

ஆகவே இந்தப் பாடத்தை முதன்முதலாக எடுக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் பார்க்க வையுங்கள், எண்ண வையுங்கள், எழுத வையுங்கள். நல்லதா கெட்டதா என்ற பேச்சு கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் பரவாயில்லை.

'ஆம்பளைன்னா இப்படித்தான், பொம்பளைன்னா இப்படித்தான்' என்று முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் அச்சைத்தான் இங்கே தேடுகிறோம். கட்டுரைகளில் பாலின வார்ப்பு என்று எழுதுவார்கள். வகுப்பில் 'அச்சு' என்றே சொல்லுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

எந்த விளம்பரத்தை எடுப்பது

பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் சிவப்பழகு கிரீமுக்குத்தான் போவார்கள். போகாதீர்கள். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது, 2020இல் அதன் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது, ஆண்களுக்கான ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் 2005இல் இமாமியிடமிருந்து வந்தது என்று பேச நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் இதில் 'சரியான பதில்' என்னவென்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும், தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. அதைவிட முக்கியம், நிறம் என்ற பேச்சை எடுத்த மறுநொடி வகுப்பில் கறுப்பாக இருக்கும் ஒரு பிள்ளையை நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடம் அவ்வளவுதான். வகுப்பு உங்களோடு பழகி, ஒருவரை ஒருவர் கேலி செய்யாமல் பேசும் நிலை வந்த பிறகு அதை எடுங்கள்.

தொடங்குவதற்கு நல்லது, யாருக்கும் கோபம் வராத, பார்க்க இனிமையான குடும்ப விளம்பரங்கள். குக்கர், துணி சோப்புத்தூள், சத்துமாவு பானம், சேமிப்புத் திட்டம், நகைச் சீட்டு. சேமிப்பு விளம்பரங்களில் 'மகனின் படிப்பு, மகளின் கல்யாணம்' என்ற ஜோடி நம் ஊரில் எத்தனையோ வருடம் ஓடியது. கேட்பவர்களுக்கு அதில் எதுவும் உறுத்தியதில்லை. உறுத்தாத இடத்தில்தான் அச்சு நன்றாகப் பதிந்திருக்கும். மாணவர்களுக்கும் 'அட, ஆமா!' என்று தோன்றுவது இங்கேதான்.

புரொஜெக்டர் இல்லாத பள்ளிக்கூடமா? கவலையே இல்லை. செய்தித்தாளுக்குள் செருகி வரும் ஜவுளிக்கடை நோட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் பின் அட்டை, பஸ்ஸின் முதுகில் ஒட்டிய போஸ்டர், பள்ளிக்கு எதிரே உள்ள கடையின் போர்டு எல்லாமே பாடப்பொருள்தான். அசையாத படம் ஒரு வகையில் வசதியும்கூட, நின்று நிதானமாகப் பார்க்கலாம். வேலைவாய்ப்பு வரி விளம்பரங்களையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'ரிசப்ஷனுக்குப் பெண்கள் தேவை', 'டெலிவரிக்கு ஆண்கள் தேவை' என்ற இரண்டு வரியை வைத்தே ஒரு பீரியட் ஓட்டலாம். வீடியோ வேண்டுமென்றால் யூடியூபில் பழையது புதியது எல்லாம் கிடைக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தேட மெட்டாவின் விளம்பர நூலகமும் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கமும் இருக்கின்றன, கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம்.

முதல் வகுப்புக்கு விளம்பரத்தை நீங்களே எடுத்துப் போங்கள். 'நாளைக்கு ஆளுக்கொரு விளம்பரம் கொண்டு வாங்க' என்று சொன்னால், கடைசி பெஞ்சிலிருந்து நிச்சயமாக ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம் வரும். அத்தோடு அந்தப் பீரியட் சிரிப்பிலேயே முடிந்துவிடும்.

மூன்று முறை பார்ப்பது

முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுங்கள். இரண்டாம் முறை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும். மூன்றாம் முறைதான் இரண்டும் சேர்த்து. பத்திரிகையிலோ நோட்டீஸிலோ வந்த விளம்பரமாக இருந்தால் எழுத்தை ஒரு தாளால் மறைத்துப் படத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு படத்தை மறைத்து எழுத்தை மட்டும்.

ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுத வேண்டியது கருத்து அல்ல, கண்ணிலும் காதிலும் பட்டது மட்டும். யார் யார் இருக்கிறார்கள்? எந்த இடத்தில்? யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார்? யார் கை என்ன செய்கிறது? யார் பேசுகிறார், யாருக்கு? யார் நன்றி சொல்கிறார்? 'பாவம்', 'அடிமை', 'கெத்து' போன்ற சொற்களுக்கு இந்த நேரத்தில் தடை. 'அம்மா பாவம் போல இருக்காங்க' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? முகமா, கையா, நிற்கிற விதமா?' என்று திருப்பிக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே பாடம் பாதி நடந்துவிடும்.

வழக்கமான சோப்புத்தூள் விளம்பரம் ஒன்றை வைத்துக்கொள்வோம். சட்டையெல்லாம் சேறாகப் பையன் ஓடி வருகிறான். அம்மா முகத்தில் ஒரு நொடி அதிர்ச்சி. பொட்டலம் வருகிறது, நுரை வருகிறது, கறை பறக்கிறது, சட்டை பளிச்சென்று ஆகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். சத்தமில்லாமல் பார்த்தால் அம்மாவின் கை ஒரு இடத்தில்கூட ஓயவில்லை என்பது தெரியும். அப்பா இருந்தால் பெரும்பாலும் சோபாவில் இருப்பார், கையில் பேப்பரோ போனோ இருக்கும். இப்போது ஒலியை மட்டும் கேளுங்கள். கறை எப்படிப் போகிறது என்று அறிவியல் சொல்லும் அந்தக் கனத்த குரல் யாருடையது? பல விளம்பரங்களில் ஆண் குரல். தினமும் துவைக்கிறவருக்கு, துவைப்பது எப்படி என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வகுப்பெடுக்கிறார்! படத்தையும் ஒலியையும் பிரித்தால்தான் இது பிடிபடும். சேர்த்துப் பார்த்தால் அது பாட்டுக்குப் போய்விடும்.

அசையாப் படங்களுக்கு எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளரின் வழி கைகொடுக்கும். 1970களில் அவர் பத்திரிகை விளம்பரப் படங்களை நூற்றுக்கணக்கில் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆண் உயரமாகவோ மேலேயோ இருப்பது, ஆண் சொல்லிக்கொடுக்கப் பெண் கேட்டுக்கொள்வது, ஆண் பொருளை இறுகப் பிடிப்பது, பெண் விரல் நுனியால் தடவிக்கொண்டிருப்பது, பெண் தலையைச் சாய்த்தோ எங்கோ பார்த்தோ இருப்பது என்று திரும்பத் திரும்ப வந்த சில பாங்குகளைப் பட்டியலிட்டார். அவர் பார்த்தவை அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகள். நம் ஊர் பட்டுப்புடவை விளம்பரத்தில் இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பிள்ளைகளே தேடட்டும். எல்லாம் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொருந்தாததைக் கண்டுபிடிப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது என் வழக்கம்.

இதைப் படிப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. விருப்பமுள்ள இரண்டு பேரை முன்னால் அழையுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். நகைக்கடை விளம்பரத்தில் அந்தப் பெண் நிற்பதைப் போலவே ஒருவர் நிற்கட்டும். ஒரு காலில் பாரம், இடுப்பில் வளைவு, கழுத்தில் சாய்வு, பார்வை ஓரத்தில். பைக் விளம்பரத்தில் வரும் ஆணைப் போல இன்னொருவர் நிற்கட்டும். இருவரிடமும் ஒரு டென்னிஸ் பந்தை வீசுங்கள். யாரால் பிடிக்க முடிகிறது என்பதை வகுப்பே சொல்லும். பிறகு ஆளை மாற்றி அதே சோதனை. பிடிக்க முடியாததற்குக் காரணம் ஆளா, நிற்கிற விதமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆளை மாற்றிப் பார்ப்பது

விளம்பரத்தில் வரும் ஆணை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெண்ணை வைப்பது, பெண்ணை எடுத்துவிட்டு ஆணை வைப்பது. வசனம், உடல்மொழி, இடம் எதையும் மாற்றக் கூடாது. பழக எளிது, பலனும் அதிகம்.

இதற்கு நம்மிடம் ஒரு அருமையான தயார் ஜோடி இருக்கிறது. கேட்பரி டெய்ரி மில்க்கின் 1990களின் கிரிக்கெட் விளம்பரமும், அதே கம்பெனி 2021இல் அதைத் திருப்பிப் போட்டு எடுத்ததும். பழையதில் பேட்ஸ்மேன் 99 ரன்னில் நிற்கிறார். பந்தைத் தூக்கி அடிக்கிறார். கேட்ச் ஆகிவிடுமோ என்று பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் சாக்லேட்டும் கையுமாகத் தவிக்கிறாள். பந்து எல்லையைத் தாண்டியதும் காவலாளியைத் தாண்டிக் குதித்து மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடுகிறாள். 2021இல் மட்டை பிடிப்பவர் பெண், ஆடிக்கொண்டு ஓடி வருபவர் ஆண். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே.

முதலில் பழையது மட்டும். 'இதில் ஏதாவது அச்சு தெரிகிறதா?' என்றால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். பிறகு புதியது. உடனே 'அதில் ஆண் விளையாடினான், பெண் பார்த்தாள்' என்று கைகள் எழும். இங்கே நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்தையும் கிளறுங்கள். அத்தனை பேர் பார்க்க, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஒரு பெண் மைதானத்தில் இறங்கி ஆடுவது அந்த நாளில் சாதாரணமாகத் தெரிந்திருக்குமா? பழைய விளம்பரம் ஒரு அச்சை வைத்துக்கொண்டே இன்னொன்றை உடைத்தது. ஒரே விளம்பரத்துக்குள் இரண்டும் இருக்கலாம் என்பது பிடிபட்டுவிட்டால், 'நல்ல விளம்பரம், கெட்ட விளம்பரம்' என்று முத்திரை குத்தும் பழக்கம் தானாகக் குறையும்.

மாற்றிப் பார்க்கும்போது வகுப்பு சிரிக்கும். அதட்டாதீர்கள். எந்த நொடியில் சிரிப்பு வந்தது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா முந்தானையில் கை துடைப்பது போல நினைத்தால் சிரிப்பு வருகிறது, அம்மா சோபாவில் சாய்ந்து 'காபி எங்கே?' என்று கேட்டாலும் வருகிறது. எதைக் கண்டு சிரித்தோமோ அங்கே ஒரு அச்சு இருக்கிறது.

ஏன் இப்படி எடுக்கிறார்கள்

இதைச் சொல்லாமல் விட்டால், விளம்பரம் எடுப்பவர்கள் எல்லாம் வில்லன்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இருப்பது முப்பது விநாடி. அதற்குள் இவர் அம்மா, இது வீடு, இது பிரச்சினை என்று பார்ப்பவருக்கு உறைக்க வேண்டும். எல்லோருக்கும் பழகிய அச்சு அதற்குக் குறுக்குவழி. யார் வாங்குவார், யார் காசு கொடுப்பார், யாருடைய எந்தப் பயத்தைத் தொடுகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். சத்துமாவு பானம் 'நான் நல்ல அம்மாதானா?' என்ற பயத்தைத் தொடுகிறது. பைக்கும் பாடி ஸ்பிரேயும் 'நீ ஆம்பளையா?' என்று சீண்டுகின்றன.

நல்ல செய்தி சொல்லும் விளம்பரங்களையும் இதே தராசில் வையுங்கள். துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று ஏரியல் 2015இல் இந்தியாவில் ஒரு தொடரை ஆரம்பித்தது. அது கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதே சமயம் அந்தக் கம்பெனி விற்பது சோப்புத்தூள். இரண்டும் உண்மை. 2022 டிசம்பரில் விம் 'ஆண்களுக்கான' கறுப்புப் பாட்டில் ஒன்றை வேடிக்கையாக இறக்கியது. பாத்திரம் தேய்ப்பதைப் பெருமையாகப் பீற்றிக்கொள்ளும் ஆண்களைக் கிண்டல் செய்வதாக நினைத்தார்கள். ஆண் பாத்திரம் தேய்க்கத் தனிப் பாட்டில் வேண்டுமா என்று பலர் கடுப்பானார்கள். யார் சொல்வது சரி? பட்டிமன்றம் வைக்க ஒன்பதாம் வகுப்புக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

"உண்மையைத்தானே காட்டுறாங்க சார்?"

இந்தக் கேள்வி எப்படியும் வரும். வந்தால் சந்தோஷப்படுங்கள், யோசிக்கிற பிள்ளை கேட்பது அது.

முதலில் உண்மை என்ன என்று பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தால் ஒரு பட்டை வரைபடப் பயிற்சியும் ஆயிற்று. பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் ஒரு நாள் பார்த்துக் குறிக்கலாம். ஆனால் 'அம்மா, அப்பா' என்று கட்டம் போடாதீர்கள். அம்மா இல்லாத வீடு, அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடு, பாட்டி வளர்க்கும் பிள்ளை எல்லாம் வகுப்பில் உண்டு. 'தண்ணீர் பிடித்தவர், சமைத்தவர், பாத்திரம் கழுவியவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்: ஆண், பெண்' என்று வேலையை முன்னால் வையுங்கள். தாளில் பெயர் வேண்டாம்.

சரி, உண்மையைக் காட்டினால் தப்பா? இங்கே விதிகள் உதவும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், அதாவது ஆஸ்கி, 1985இல் தொடங்கிய அமைப்பு, விளம்பரத் துறையே தனக்காக வைத்துக்கொண்டது. 2022 ஜூனில் அது பாலின அச்சுகள் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெண் வீட்டைச் சுத்தம் செய்வதைக் காட்டலாம், ஆண் ஆபீஸ் போவதைக் காட்டலாம், அதில் தடையில்லை. அது அவருக்கு மட்டுமே உரியது, வேறு யாரும் செய்வதே இல்லை என்பது போலக் காட்டக் கூடாது. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும் பெண் ஒருத்தியாக வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப்போட்டுச் செய்ய, சுற்றியிருப்பவர்கள் ஹாயாக இருப்பது போன்ற காட்சிகள் கூடாது என்கிறது. ஆக, அம்மா துணி துவைப்பது பிரச்சினை இல்லை. அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், அது அங்கே யாருக்கும் உறுத்தாததையும்தான் பார்க்கச் சொல்கிறோம்.

டிவி விளம்பரங்களுக்கு இன்னும் பழைய விதி இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் விதிகளில் உள்ள விளம்பர நெறி, பெண்களை அடங்கிப்போகிறவர்களாக, குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்தில் இருக்கத் தூண்டும் விதமாகக் காட்டக் கூடாது என்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு 'நேற்று ராத்திரி பார்த்ததில் எது தேறும்?' என்று கேளுங்கள். ஏதாவது ஒன்று ரொம்பவே உறுத்தினால் ஆஸ்கியின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். புகாரை வகுப்பே எழுதட்டும், அனுப்புவது ஆசிரியர் பெயரில் இருக்கட்டும். எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் காட்சி, எந்த நெறிக்கு விரோதம் என்று எழுதுவது நல்ல கடிதப் பயிற்சியும்கூட.

வகுப்பில் வரும் சங்கடங்கள்

பையன்கள் ஒரு கட்டத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். எல்லாம் நம்மைத்தான் திட்டுகிறது என்று தோன்றும். அப்போது ஆண்களின் அச்சைக் கையில் எடுங்கள். பிரிட்டனில் 2019 ஜூன் முதல் தீங்கான பாலின அச்சுகளுக்குத் தடை விதிக்கும் விதி அமலானது. அந்த ஆகஸ்டில் முதன்முதலாகத் தடை பெற்ற இரண்டில் ஒன்று ஃபிலடெல்ஃபியா சீஸ் விளம்பரம். சாப்பாட்டைப் பார்த்து மெய்மறந்த இரண்டு அப்பாக்கள், உணவு சுற்றி வரும் கன்வேயர் பெல்ட்டில் குழந்தையை வைத்துவிடுகிறார்கள். ஆண்களுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியாது என்று சொல்வதாகத் தடை செய்தார்கள். மற்றது வோக்ஸ்வாகன் கார் விளம்பரம். அதில் விண்வெளியில் மிதப்பவர்கள் ஆண்கள், நீளம் தாண்டுபவர் ஆண், கடைசியில் தள்ளுவண்டிப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெண். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் அச்சு இரு பக்கமும் வெட்டுகிறது என்பது பையன்களுக்கும் விளங்கும்.

'எங்க அம்மா விரும்பித்தான் சார் சமைக்கிறாங்க' என்று ஒரு பிள்ளை கண் கலங்கச் சொல்லலாம். அம்மாவைக் குறை சொல்வதாக அது நினைத்துக்கொண்டது. 'உங்க அம்மாவைப் பத்தி இங்க யாரும் பேசலப்பா, விளம்பரத்தில் வர்ற அம்மாவைப் பத்திதான் பேசறோம். அவங்களுக்குச் சமைக்கிறதைத் தவிர வேற ஏதாவது விருப்பம் இருக்கிற மாதிரி காட்டுறாங்களா?' என்று நிதானமாகத் திருப்புங்கள்.

'மணமகள் தேவை' வரி விளம்பரங்கள் பெரிய வகுப்புக்கு நல்ல பொருள். நிறம், உயரம், 'குடும்பப் பாங்கான' போன்ற சொற்கள் மணமகள் பக்கம் எத்தனை, மணமகன் பக்கம் எத்தனை என்று எண்ணலாம். ஆனால் சாதிப் பெயர் இல்லாத பத்தி கிடைப்பது அரிது. அந்தப் பேச்சு வகுப்புக்குள் எப்படித் திரும்பும் என்று உங்களுக்கு உறுதியில்லை என்றால், சாதிப் பெயரையும் போன் நம்பரையும் நீக்கிவிட்டு நீங்களே வேறு தாளில் எழுதிக் கொண்டு போங்கள்.

மாற்றி எழுதுதல்

கடைசியில் கைவேலை. ஒரு தாளை ஆறு கட்டமாக மடித்து, தாங்கள் பார்த்த விளம்பரத்தையே வேறு மாதிரி வரையச் சொல்லுங்கள். நிபந்தனை ஒன்று: பொருள் விற்க வேண்டும். உபதேசம் செய்தால் தள்ளுபடி. இந்த நிபந்தனை இல்லாவிட்டால் எல்லாத் தாளிலும் ஒரு பெண் போலீஸ் சல்யூட் அடித்துக்கொண்டு நிற்பார், கீழே 'பெண்மை போற்றுவோம்' என்று இருக்கும்.

இன்னொன்றும் தவறாமல் வரும். அப்பா ஒரு நாள் தோசை சுடுகிறார், குடும்பமே கைதட்டுகிறது. திட்ட வேண்டாம். 'நேத்து தோசை சுட்டவங்களுக்கு யார் கைதட்டினாங்க?' என்று மட்டும் கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் முறை வரைந்து வருவதில் பெரும்பாலும் கைதட்டல் காணாமல் போயிருக்கும். அப்பா சும்மா தோசை சுட்டுக்கொண்டிருப்பார், பேச்சு தோசைக்கல்லைப் பற்றி இருக்கும்.

மதிப்பெண் போடும்போது கருத்துக்குப் போடாதீர்கள், கவனித்ததற்குப் போடுங்கள். 'இந்த விளம்பரம் பெண்களை இழிவுபடுத்துகிறது, இதை ஒழிக்க வேண்டும்' என்று ஒரு பக்கம் எழுதிய தாளுக்குப் பத்துக்கு மூன்று. 'ஏழு காட்சியில் அம்மா வருகிறார், ஆறில் நிற்கிறார். அப்பா இரண்டில் வருகிறார், இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறார். அக்கா ஒரு காட்சியில் டம்ளரோடு வருகிறாள், வசனம் இல்லை' என்று எழுதிவிட்டு, இது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்று முடித்த தாளுக்கு எட்டு.